ரூபி அக்காவின் கம்பளமும் ஆற்றுத் தண்ணீரும்

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், என் மனைவி ஜெபா தும்மிக்கொண்டிருந்தாள். காலை ஆறேகால் மணி. ஒரு துண்டை நான்காக மடித்து முகத்தில் அழுத்தியிருந்தாள். சத்தம் துண்டுக்குள்ளேயே நின்றுவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். துணி காயப்போட ஏறிப்போன நான் கடைசிப் படியில் நின்று எண்ணினேன். பதினொன்று.

"கீழ தும்மினா என்ன?" என்று கேட்டேன்.

"மதினிக்குக் கேக்கும்." கண் இரண்டும் சிவந்திருந்தன. "நீங்களும் போயி உளறி வச்சிராதீங்க."

மதினி என்று அவள் சொன்னது என் அக்கா ரூபியை. ரூபி அக்கா இருபத்தெட்டு வருடம் குவைத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அவள் வந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. வந்த அன்றைக்கே, கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "ரெண்டு மாசம்தாம்லே. ஒரு வீடு பாத்துட்டுப் போயிருதேன்" என்று அறிவித்திருந்தாள்.

அதன் பிறகு எதற்கெடுத்தாலும் அந்த வீடுதான். காபியில் சர்க்கரை கூடிவிட்டால் வீடு பார்க்க வேண்டும். நாங்கள் இருவரும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால், "நீங்க போயிட்டு வாங்க, நான் சீக்கிரம் வீடு பாக்கணும்."

எங்களுக்கு அவள் போகக் கூடாது. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா வந்த பிறகுதான் சோறு ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு நடந்தது. ஜெபாவுக்கு அவளை அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

தும்மலுக்குக் காரணம், அக்கா கொண்டுவந்திருந்த கம்பளம்.

உள்ளே யாரும் படுத்திருக்காங்களா?

ஒன்பதடி நீளம், ஆறடி அகலம். கருஞ்சிவப்பு. ஓரத்தில் நீலக் கரை. முழுக்க ஆட்டு ரோமம். குவைத்தில் அவள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. இரவுப் பணி முடித்து வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, முதலில் அதில் பத்து நிமிடம் சும்மா நிற்பாளாம். "அதுல கால வச்சாத்தான் வேல முடிஞ்சுதுன்னு ஒடம்புக்குத் தெரியும்" என்பாள்.

லாரி அலுவலகத்திலிருந்து அதைத் தூக்கிவந்த இரண்டு பேர் வாசலில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். அதில் மூத்தவர், "அண்ணாச்சி, உள்ளுக்குள்ள யாரும் படுத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

பாய் விரித்துப் பழகிய வீடு எங்களுடையது. பாயென்றால் காலையில் சுருட்டிச் சுவரில் சாத்திவிடலாம். இது சுருட்டவும் முடியாது, சாத்தவும் முடியாது. அக்காவின் அறையில் கட்டில் போக இடம் பற்றாததால் கூடத்தில் விரித்தோம். முதல் ஒரு வாரம் நானும் ஜெபாவும் அதைச் சுற்றிக்கொண்டே நடந்தோம். "மிதிக்கத்தாம்லே வாங்குனது" என்று அக்கா அதட்டிய பிறகு, நடுவில் கால் வைத்தோம். அவள் சொன்னது உண்மைதான். நிற்கச் சுகமாக இருந்தது.

இரண்டாம் மாதம் தும்மல் தொடங்கியது. டாக்டர் ஜெபாவின் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கம்பளம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றோம். "ஒண்ணு அதை எடுத்துருங்க. இல்ல, தூசி துளிகூட இல்லாம வச்சுக்கிடுங்க" என்றார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது நான் முதல் வழியைச் சொல்ல வாயெடுத்தேன். ஜெபா முந்திக்கொண்டாள்.

"கம்பளத்தச் சுருட்டுனா மதினி பெட்டியையும் கட்டிருவாங்க. தெரியும்லா?"

தெரியும். ஆகவே இரண்டாவது வழி.

துடைப்பம் முதல் துருத்தி வரை

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் நோட்டுப் புத்தகங்களைப் பற்றித் தெரிந்திருக்கும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவனுக்கு எதையும் எழுதிவைக்காமல் இருக்க முடியாது. கம்பளத்துக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் சுத்தம் செய்த முறை. வலப்பக்கம் மறுநாள் காலைத் தும்மல்.

முதலில் ஈர்க்குமாறு. கம்பளத்தின் தூசி எழுந்து, நாற்காலிகளில் உட்கார்ந்து, மறுபடியும் கம்பளத்துக்கே இறங்கியது. மறுநாள் பதினேழு.

அடுத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டுக் கம்பால் அடிப்பது. "வெயில்ல போட்டா கம்பளத்துக்கு நல்லது" என்று அக்காவிடம் சொல்லி ஏற்றினோம். பின்பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். முன்பக்கம் அடித்தால் மணல் இன்னும் ஆழமாகப் போகும். இதை நானாகக் கண்டுபிடித்தேன். பெருமையாக ஓங்கி அடித்தேன். காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் பார்க்கவில்லை. அடுத்த மாடியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா கூழ்வத்தல் காயப்போட்டிருந்தார்.

"தம்பி, எங்க வத்தலுக்கு மொளகுப்பொடி நாங்களே போட்டுக்கிடுவோம்" என்றார், குரலை உயர்த்தாமல்.

ஒன்பது தும்மல். பலன் இருந்தது. ஆனால் வாரம் ஒருமுறை அதை மாடிக்கு ஏற்றி இறக்க எங்கள் இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது, ஆப்பசோடா. மாவு சலிப்பது போலச் சலித்துத் தூவி, ஒரு மணி நேரம் விட்டு, அள்ளுவது. வாடை போயிற்று, தூசி போகவில்லை.

நான்காவது, கல்லூரி நண்பரிடம் இரவல் வாங்கிய வேக்கம் கிளீனர். யானை மூச்சு விடுவது போலச் சத்தம். அவசரமாக இழுத்தால் மேல்தூசி மட்டும் வரும். மெதுவாக இழுத்தால்தான் அடியிலிருக்கும் மண் வரும் என்று நான்கு முறை இழுத்த பிறகு புரிந்தது. ஒவ்வொரு முறையும் பையைக் கொட்டி எடை போட்டேன். எடை குறைந்துகொண்டே வந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. தும்மல் ஐந்து.

அக்கா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள். "ஏலே, இருபது வருசமா இதுக்கு இவ்வளவு மரியாதை யாரும் செய்யல. என்ன விசேசம்?"

"சும்மாதான்க்கா" என்றேன். ஜெபா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பெண் பார்க்க வந்த கேள்விகள்

ஐந்தை ஒன்றுமில்லாமல் செய்ய, கழுவித்தான் ஆக வேண்டும். வீடுவீடாகப் போய் சோபா, கம்பளம் சுத்தம் செய்கிற முத்துலிங்கம் என்பவரை வரவழைத்தேன். நாற்பது வயது இருக்கும். உடன்குடிப் பக்கம். வேலையெல்லாம் அந்தக் கடற்கரை ஊர்களில். பாளையங்கோட்டைக்கு அன்றுதான் முதல் தடவை. இரண்டு இயந்திரங்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று ஆவி அடிப்பது. இன்னொன்று சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, தேய்த்து, அழுக்கோடு திரும்ப உறிஞ்சிக்கொள்வது.

நான் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். பதினான்கு. ஆறாவது கேள்வியில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரில்லா கேக்கீங்க. பாடத் தெரியுமான்னு மட்டுந்தான் கேக்கல."

"ஆவி மெஷின் என்ன செய்யும்?"

"கிருமிய எல்லாம் கொன்னுரும். ஆனா இது ஆட்டு ரோமம். சூடு பட்டா சுருங்கும். கம்பளி ஸ்வெட்டர வெந்நீருல போட்டா பச்சப்பிள்ளைக்குப் போடுத அளவுக்கு ஆயிருமே, அது மாதிரி."

"பாளையங்கோட்டையில எவன்யா ஸ்வெட்டர் போடுதான்?" என்றாள் அக்கா.

ஆக, உறிஞ்சும் இயந்திரம். வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் அழுத்திப் பார்த்தோம், சாயம் ஒட்டவில்லை. முதலில் வேக்கம், பிறகு சோப்பு, பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீர், பிறகு காற்றாடி. முறை எல்லாம் சரி. பிழை வேறு இடத்திலிருந்து வந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். இன்னொன்றில் ஆற்றுத் தண்ணீர், ஒன்றுவிட்டு ஒருநாள் வரும். குடிக்க, சமைக்க, விருந்தாளி குளிக்க மட்டும் அது. முத்துலிங்கம் உப்புக் குழாயில் வாளியை வைத்தார். ஜெபா ஓடிவந்து தடுத்தாள்.

"எங்க மதினி கம்பளத்துக்கு உப்புத் தண்ணியா? ஆத்துத் தண்ணிய ஊத்துங்க அண்ணாச்சி. எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க."

கூடத்துக்குள் மேகம்

இங்கே ஒரு சின்ன விலகல். சாத்தான்குளத்திலிருந்து எங்கள் சித்தப்பா குடும்பம் வரும்போதெல்லாம் குளியலறையிலிருந்து ஒரே புகார்தான் வரும். "என்னவே ஊரு இது! எங்க தண்ணியில நுரை வர மாட்டேங்கு. உங்க தண்ணியில நுரை போவ மாட்டேங்கு!" தாமிரபரணித் தண்ணீர் அவ்வளவு மென்மை. பாதிச் சோப்புப் போதும். இது எனக்குத் தொழில்முறையிலேயே தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை மாணவர்களின் தண்ணீர்க் கடினத்தன்மைச் சோதனைக்கு நானே தண்ணீர் எடுத்து வைக்கிறேன்.

அன்றைக்குத் தோன்றவில்லை.

முத்துலிங்கம் கை அளவாகவே சோப்பு ஊற்றுபவர். அந்தக் கை உடன்குடிப் பக்கத்து உப்புத் தண்ணீருக்குப் பழகிய கை. இயந்திரத்தை ஓட்டிய மூன்றாவது நிமிடத்தில் கம்பளம் கண்ணுக்குத் தெரியவில்லை. நுரை கணுக்கால் ஏறி, நாற்காலிக் கால்களை விழுங்கி, அடுப்படிக்குள் நுழைந்தது. உறிஞ்சுகிற தொட்டி நுரையால் நிறைந்து, இயந்திரம் விக்கி நின்றது. காலி செய்து ஓட்டினால் மறுபடி விக்கியது.

"என்ன தண்ணி சார் இது? பேய்த் தண்ணியால்லா இருக்கு!"

அக்கா சாப்பாட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "இருபத்தெட்டு வருசம் ஒரு மேகத்தப் பாக்க ஏங்கிக் கெடந்தேன்லே. இப்ப வீட்டுக்குள்ளயே வந்துட்டு!"

அந்தக் கூத்தில், வெறும் தண்ணீர் விட்டு உறிஞ்ச வேண்டிய இரண்டு தடவையும் விட்டுப்போயிற்று. கையால் நுரையை அள்ளிக் கொட்டி, காற்றாடி போட்டு, உலர்த்தினோம். மூன்றாம் நாள் பார்த்தால் கம்பளம் மாதுளை முத்து மாதிரி மின்னியது. தும்மல் இரண்டு.

நான் நோட்டில் அடிக்கோடிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில், நடந்த இடமெல்லாம் கறுத்தது. முன்பைவிட வேகமாக. கால் வைத்தால் லேசாக ஒட்டியது. தும்மல் பதினான்குக்கு ஏறியது. ஜெபா மறுபடி மாடிக்குப் போனாள்.

நோட்டுப் புத்தகம் கைமாறியது

அது ஒரு மாலை. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜெபா தொட்டிக்குப் பின்னால். நான் படிக்குப் பக்கத்தில், நோட்டும் பேனாவுமாக. அக்கா வழக்கமாக மாடி ஏற மாட்டாள், முழங்கால் வலி. அன்று எதற்கோ ஏறிவந்தாள்.

"ஏலே! பொண்டாட்டி மூச்சு முட்டி நிக்கா. நீ எழுதிட்டா நிக்க?"

பிறகு அவள் துண்டைப் பார்த்தாள். நான்காக மடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் நோயாளிகளைப் பார்த்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

பக்கம் பக்கமாகப் படித்தாள். துடைப்பம், பதினேழு. கம்பு, ஒன்பது. ஆப்பசோடா. எல்லாம்.

"எத்தன மாசமா மாடிக்கு வார?" என்று ஜெபாவிடம் கேட்டாள்.

"மூணு மாசம் மதினி."

"நம்ம வீட்டாளுக முன்னால தும்மலாம்ளா. விருந்தாளி முன்னாலதான் தும்ம மாட்டாங்க." நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள். கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குரலில் கோபமே இல்லை.

மறுநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். தரகரிடம் பேசிவிட்டாளாம். பெருமாள்புரத்தில் ஒரு வீடு. தனியாள் இருக்கத் தோதாம். சனிக்கிழமை காட்டுகிறாராம். அன்று செவ்வாய். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக்கு ஒரு தெருப் பெயர் இருந்தது.

ஜெபா இட்லிப் பாத்திரத்தைக் கையில் வைத்தபடியே நின்றாள். "கம்பளத்த யாருக்காவது குடுத்துருவோம் மதினி. நீங்க போவ வேண்டாம்."

"அதுவும் நானும் ஒண்ணா வந்தோம். ஒண்ணாவே போறோம்."

குப்பிக்குள் மூன்று விரல்

அன்று கல்லூரியில் யாரோ சோடியம் உப்பைப் பற்றி ஏதோ கேட்டார்கள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மதியம் குழாயடியில் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். விரலில் வழுவழுப்பு போகவே இல்லை. அப்போதுதான், வெட்கமில்லாமல் எழுதுகிறேன், இருபத்தாறு வருட ஆய்வக அனுபவம் தலைக்கு ஏறியது.

வீட்டுக்கு வந்து வெள்ளைத் துண்டை நனைத்துக் கம்பளத்தில் ஐந்து நிமிடம் அழுத்தி வைத்தேன். அதை ஒரு குப்பியில் பிழிந்து, மூடிக் குலுக்கினேன். மூன்று விரல் உயரத்துக்கு நுரை.

அக்காவின் அறைக் கதவைத் தட்டிக் குப்பியைக் காட்டினேன்.

"சோப்பு அப்படியே உள்ள இருக்குக்கா. வார தூசிய எல்லாம் அதுதான் பிடிச்சு வச்சுக்கிடுது. கம்பளத்து மேல குத்தமில்ல. கழுவாம விட்ட எங்க மேலதான் குத்தம்."

அவள் குப்பியை வாங்கி இன்னொரு முறை குலுக்கினாள். "புண்ணக் கழுவுத மாதிரிதான. மருந்து போட்டுக் கழுவுனா, மருந்தையும் கழுவணும். அந்த மெஷின்காரனுக்கு இது தெரியாண்டாமா?"

"வெறும் தண்ணி விட்டு அலசுனாப் போதும். நாளைக்கு ஆத்துத் தண்ணி வரும்."

"ஆத்துக்கே கொண்டு போயிருவோமே" என்றாள் ஜெபா, வாசலில் நின்று.

"இவ்வளவு சோப்பையும் ஆத்துல கரைக்கவா?" என்றேன். "மாடிலயே அலசுவோம்."

அக்கா குப்பியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "சரி. போறதுக்கு முன்னால சுத்தமாக் கொண்டு போறேன்" என்றாள்.

மூன்று முனை

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். ஆனி மாதம். மேற்கேயிருந்து மலையைத் தாண்டி வருகிற காற்று, மாடியில் நிற்பவர்களின் சேலையைக் கொடியாகப் பறக்கவைத்துக்கொண்டிருந்தது. ஈரம் எதையும் விட்டுவைக்காத காற்று. கம்பளத்தை விரித்துக் குழாயைத் திறந்துவிட்டோம். தேய்க்கக் கூடாது, ரோமம் சிக்கு விழும். மிதித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மூன்று பேரும் வரிசையாக நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மிதித்துக்கொண்டே போனோம். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு அலசலுக்கும் குப்பியில் பிடித்துக் குலுக்கினேன். மூன்று விரல், இரண்டரை, இரண்டு. ஐந்தாவது அலசலில் ஒரு விரல். ஏழாவதில் குமிழிகள் எழுந்து உடனே உடைந்தன. எட்டாவதில் வெறும் தண்ணீர்.

அடுத்து, கைப்பிடிச் சுவரில் தூக்கிப் போட வேண்டும். நனைந்த கம்பளம் செத்த எருமை. நான் ஒரு பக்கத்து இரண்டு மூலைகளையும் சேர்த்துப் பிடித்தேன். மறுபக்கத்து மூலைகளில் ஆளுக்கொன்றாக அக்காவும் ஜெபாவும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள் அக்கா. இடுப்பளவு தூக்கிவிட்டோம்.

அப்போது ஜெபாவின் முகம் மாறியது. மூக்கு சுருங்கியது. கண் தொட்டிப் பக்கம் போயிற்று. ஆனால் இரண்டு கையிலும் கம்பளம். விட்டால் மொத்தமும் அக்காவின் முழங்காலில் விழும். துண்டுமில்லை, திரும்ப வழியுமில்லை.

தும்மினாள். அக்காவின் முகத்துக்கு நேரே, தெருமுனை வரை கேட்கும்படி.

"ஐயோ மதினி..."

"விட்டுராதளா! பிடி! தும்மிக்கிட்டே பிடி!"

இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் கம்பளம் ஓரடி இறங்கியது. நாங்கள் மறுபடி தூக்கினோம். அடுத்த மாடியிலிருந்து டீச்சரம்மா எட்டிப் பார்த்து, "ஆண்டவரே, மருந்து கிருந்து குடிக்குதியாளா?" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கையில் பலம் போய்விடும். எனக்கும் போய்விட்டது. மூன்று பேரும் கம்பளத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டோம், சொட்டச் சொட்ட.

அக்கா முந்தானையால் முதலில் தன் முகத்தைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் ஜெபாவின் மூக்கைப் பிடித்துத் துடைத்தாள், வார்டில் சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல. "இவ்வளவு சத்தத்தையும் மூணு மாசமா ஒரு துண்டுக்குள்ளயா அடைச்சு வச்சிருந்த?" என்றாள்.

நான்காவது முயற்சியில் கம்பளம் சுவரேறியது. மறுநாள் மதியம் புரட்டிப் போட்டோம். வெள்ளிக்கிழமை மாலை அடிமுதல் காய்ந்துவிட்டது. கூடத்தில் விரித்தோம். பெருமாள்புரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அக்காவின் போன் அடித்தது. தரகர். எல்லோரும் கேட்கட்டும் என்பது போல ஒலிபெருக்கியில் போட்டு, மேசை மேல் வைத்தாள். ஜெபா அடுப்பைக் குறைத்தாள்.

"அம்மா, வீட்டப் பாக்க வாரீங்களா? நான் இங்கனதான் நிக்கேன்."

"மாடி உண்டா?"

"உண்டும்மா."

"ஆத்துத் தண்ணி?"

"ஒண்ணுவிட்டு ஒருநாள் வரும்மா. தங்கமான தண்ணி."

"சரி. நனைஞ்ச கம்பளத்துக்கு எதிர்முனையப் பிடிக்க ரெண்டு ஆளு உண்டா?"

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போயிற்று.

"அது... வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்லுதேம்மா."

"கேக்காண்டாம்" என்றாள் ரூபி அக்கா. "எனக்கு இங்கனயே இருக்காங்க."